896 தொடங்கி 7 வரை

மீன மாதம் 20-ஆம் நாள் பாலக்காட்டு நென்மாறா–வல்லங்கி வேல திருவிழா. இரண்டு ஊரும் போட்டி போட்டுக்கொண்டு யானைகளை நிறுத்த, நெற்றிப்பட்டங்களுக்கு முன்னால் பஞ்சவாத்தியக்காரர்கள் எதிரெதிர் வரிசையாக நிற்பார்கள். திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம், கொம்பு. சங்கு ஊதி முடிந்ததும் தாளம் கிளம்பும். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 896 அட்சரம். அடுத்தது 448, பிறகு 224, 112, 56, 28, 14, 7 என்று இறங்கும். சுற்று பாதி பாதியாகக் குறையக் குறைய ஓட்டம் ஏறும். தாளம் எங்கே எடுத்தது, எங்கே விழும் என்பது புதிதாக வந்து நிற்பவருக்கு ஆரம்பத்தில் பிடிபடவே செய்யாது. மணிக்கணக்கில் நின்று கேட்ட பிறகு, ஏழில் வந்து விழும்போது, அவர் கை அவரைக் கேட்காமலே மேலே போயிருக்கும்.

ராக், மெட்டல் ரசிகர்கள் அறுபது ஆண்டுகளாக விடாமல் வாதிடும் ஒரு கேள்விக்கு இந்தத் திடலில் ஒரு பதில் இருக்கிறது. ஒரு பாட்டை எது சைக்கடெலிக் ஆக்குகிறது? எது புரோகிரசிவ் ஆக்குகிறது?

வழக்கமான பதில்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. சைக்கடெலிக் என்றால் எல்எஸ்டி, எதிரொலி, தலைகீழாக ஓடும் கிட்டார். புரோகிரசிவ் என்றால் இருபது நிமிடப் பாட்டு, ஏழிலும் ஒன்பதிலும் நடக்கும் தாளம், மெல்லோட்ரான். வரலாறும் ஓரளவுக்கு இதை ஒத்துக்கொள்ளும். டெக்சாஸின் தர்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் 1966-இல் தங்கள் முதல் இசைத்தட்டின் தலைப்பிலேயே சைக்கடெலிக் என்று போட்டுக்கொண்டது. அதே ஆண்டில் பீட்டில்ஸ் 'ரிவால்வர்' தட்டின் கடைசிப் பாட்டாக 'டுமாரோ நெவர் நோஸ்' வந்தது. ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்கும் பாட்டு, அடியில் தம்பூரா, மேலே ஒலிநாடாத் துண்டுகளின் சுழற்சி. மூன்றே ஆண்டுகளில், 1969-இல், கிங் கிரிம்சனின் முதல் தட்டு வந்து புரோகிரசிவ் பாதையைத் திறந்துவிட்டது.

ஆனால் போதைப்பொருளைக் காரணமாகச் சொல்வது பாதிக் கிணறு தாண்டிய பதில். 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டின் சொற்கள், இறந்தவருக்காக ஓதப்படும் திபெத்திய பௌத்த நூலை வைத்து உளவியலாளர் டிமதி லியரியும் கூட்டாளிகளும் 1964-இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தவை. யெஸ் குழு 1973-இல் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்', பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாத்திரங்களை நான்காக வகுத்துச் சொல்லும் ஓர் அடிக்குறிப்பிலிருந்து முளைத்தது. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று தட்டுப் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு பாட்டு. ஆக இரண்டு வகையும் பிறக்கும்போதே சமயத்தின் வாசலில்தான் பிறந்தன. 'நான்' என்பது கொஞ்ச நேரம் கரைந்தால் மிச்சம் இருப்பது எது என்பதே அந்தப் பாட்டுகளின் விசாரம். அதை மருந்துச் சீட்டாகச் சுருக்குவது அவற்றுக்குச் செய்யும் அநியாயம்.

ஒலிக்கருவியையும் பாட்டின் நீளத்தையும் தள்ளி வைத்துவிட்டு, கேட்பவரின் பொழுதை இசை என்ன செய்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிகிறது. சைக்கடெலிக் இசை கேட்பவரைக் கணக்கு மறக்க வைக்கிறது. புரோகிரசிவ் இசை கணக்கை மேலும் மேலும் பின்னுகிறது. ரசிகர்கள் இவை இரண்டையும் இரண்டு கட்சிகளாக்கிவிட்டார்கள். நென்மாறாவில் அவை ஒரே வேலையின் இரு முனைகள். யாரோ ஒருவர் பிசகாமல் எண்ணுவதால்தான் இன்னொருவரால் எண்ணிக்கையை விட முடிகிறது. மத்தளக்காரரின் தலைக்குள் 896 ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எதிரே நிற்கும் விவசாயியின் தலைக்குள் எதுவும் ஓடாமல் இருக்க முடிகிறது. பஞ்சவாத்தியத்துக்கு 1930-களில் இன்றைய கச்சேரி வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர் திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி என்ற மத்தளக் கலைஞர். கோயில் சேவையாக இருந்த ஒன்றுக்கு இவ்வளவு நீண்ட கட்டுக்கோப்பைக் கொடுத்த அந்தத் தலைமுறையை, லண்டனில் அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே வாழ்ந்த புரோகிரசிவ் கலைஞர்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

மெட்டலிலும் இதே பங்கீடு இருக்கிறது. டூல் குழுவின் 'லேட்டரலஸ்' (2001) பாட்டில் தாளம் ஒன்பது, எட்டு, ஏழு என்று மாறி மாறிப் போகும். பாடும் அசைகள் ஃபிபனாச்சி எண்வரிசையில் ஏறி இறங்கும். ஸ்வீடனின் மெஷூக்கா குழுவில் டிரம்மர் டோமஸ் ஹாகே சிம்பலில் நாலை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, கால்களும் கிட்டார்களும் வேறு நீளத்தில் சுற்றி, வெகுநேரம் கழித்து ஓரிடத்தில் வந்து சேரும். இலத்தாளம் செய்வதைத்தான் அங்கே சிம்பல் செய்கிறது. எதிர்முனையில், 2003-இல் முழுமையாக வெளிவந்த ஸ்லீப் குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரே கனத்தில் நடக்கும் ஒரே பாட்டு. பாலைவனத்தைக் கடக்கும் யாத்திரைக் கூட்டம்தான் அதன் கதை. இடுக்கியின் குமுளி, வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடந்த தமிழ்ச் சாமிமார்களுக்கு அந்தப் பாட்டின் தர்க்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் கூப்பிட, கூட்டம் சரணம் சொல்ல, காலடி அதன் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் சமயக் கேள்வி குறுக்கிடுகிறது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் உறுமி இல்லாமல் இல்லை. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், கிட்டாரில் வா-வா பெடலை மிதித்தால் வருவதைவிட ஆழமாக அடிவயிற்றில் இறங்கும். கரகம் வரும், பம்பை சேரும், அடி இறுகும், சாமியாடிக்கு அருள் வரும். வந்தது அம்மனா, உறுமியா?

பிரெஞ்சு இசையியலாளர் ஜில்பர் ரூஜே 1980-இல் எழுதிய 'இசையும் ஆவேசமும்' என்ற பெருநூல் இதற்கு அசராத ஒரு பதில் சொல்கிறது. தோல்வாத்திய அதிர்வு மூளையைத் தானாகவே ஆவேசத்தில் தள்ளும் என்ற ஆய்வுக்கூட முடிவை அவர் ஏற்கவில்லை. தள்ளுமானால் கூட்டம் முழுவதும் ஆட வேண்டும். முதலில் வாத்தியக்காரரே ஆட வேண்டும். சாமி இறங்கும் சடங்குகளில் பொதுவாக வாத்தியக்காரருக்கு அருள் வருவதில்லை என்பதை ரூஜே அழுத்திக் காட்டினார். தோட்டத்துத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சாமியாடி நிலை தப்பும்போது உறுமிக்காரர் கண் அவர் காலிலேயே இருக்கும். அடியைக் கூட்டவும் குறைக்கவும் அவர் நிதானத்தில் இருந்தாக வேண்டும். மேளம் அழைக்கிறது, வருவதும் வராததும் அம்மன் இஷ்டம் என்று பக்தர்கள் நினைப்பதும், ரூஜே சொல்வதும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இல்லை. ஒலி மட்டும் போதாது. எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று கூட்டத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யெஸ் குழுவே சாட்சி. சாத்திரத்தின் பெயரை வைத்தும், எண்பது நிமிடம் வாசித்தும், அந்தத் தட்டு அதன் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மனுக்கே ஒட்டவில்லை. 1974-இல் அவர் குழுவை விட்டு விலகினார். இதற்கு எதிர்ப்புறத்தில், பாலக்காடு மாவட்டம் ஷொரணூரில் பிறந்த ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் பாடும் பெங்களூரின் அகம் குழு நிற்கிறது. 2012-இல் வந்த அவர்களின் முதல் தட்டில் சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானா மெட்டல் கிட்டாரோடு வருகிறது. அது எடுபடுவதற்குக் காரணம் கிட்டார் இல்லை. தில்லானாவின் ஜதிக்கட்டு ஏற்கெனவே எண்ணிக் கட்டப்பட்டது. கேட்பவர்களில் பலருக்கு அது எங்கே வந்து விழும் என்பது உடம்பிலேயே தெரியும். தனி ஆவர்த்தனத்தின் குறைப்பை, நீளம் சுருங்கச் சுருங்கச் சூடேறும் அந்தக் கட்டத்தை, சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்த காது அது. மிருதங்கக் கலைஞர் பாலக்காடு மணி அய்யரின் பெயரோடு ஒட்டிய மண்ணில் இந்தக் காது அபூர்வமில்லை.

இவ்வளவும் கேட்பவர் ஒருவர் எதிரே இருக்கிறார் என்ற அனுமானத்தில் சொன்னவை. அந்த அனுமானத்தையே அசைக்கும் கலை ஒன்று ஷொரணூருக்கு அருகிலேயே இருக்கிறது. பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் நடக்கும் தோல்பாவைக்கூத்து. 42 அடித் திரை, அதன் பின்னால் வரிசையாக 21 விளக்கு, கம்பராமாயணப் பாட்டு தமிழிலேயே, உரை விளக்கத்தோடு, இரவு முழுக்க. ஏழு நாள், 14 நாள், 21 நாள் என்று கோயிலுக்குக் கோயில் வேறுபடும். தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போனதால் ராவண வதத்தைப் பார்க்கத் தவறிய பத்ரகாளிக்காக இது நடத்தப்படுகிறது என்பது ஐதீகம். நள்ளிரவுக்குப் பிறகு திரைக்கு முன்னால் பல நாள் ஓர் ஆள்கூட இருப்பதில்லை. பாவையாட்டும் புலவர்கள் நிறுத்துவதில்லை.

ராக் இசை இதற்கு மிக நெருங்கி வந்தது ஒருமுறை. 1971 அக்டோபரில் பிங்க் ஃப்ளாய்ட் பாம்பெய் நகரத்தின் பழைய ரோமானிய அரங்கில், ரசிகர்கள் ஒருவர்கூட இல்லாமல், 'எக்கோஸ்' உள்ளிட்ட பாட்டுகளை வாசித்தது. ஆனால் அங்கே இயக்குநர் ஏட்ரியன் மேபனின் கேமரா இருந்தது. பிறகு பார்க்கப்போகும் கோடிக் கண்களுக்காகத்தான் அந்த வெறுமை. கூத்துமாடத்தின் வெறுமை பிற்பாடு பார்க்கப்போகிறவர்களுக்காக இல்லை. அங்கே எண்ணுபவர் புலவர். கணக்கை மறந்து கேட்பவள் தேவி. மனித மனம் ஒன்று கரைந்தாக வேண்டும் என்ற நிபந்தனையே அங்கே இல்லை. தோல்பாவைக்கூத்துக் கலைஞர் கே.கே. ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் குடும்பம் ஊர் மேடைகளுக்காகக் கூத்தைச் சுருக்கியும் காட்டுகிறது, புதுக் கதைகளுக்குப் பாவையும் வெட்டுகிறது. அது காலத்தின் தேவை, குறை சொல்ல இடமில்லை. ஆனால் கோயிலில் நடக்கும்போது ஒரு பாட்டையும் விடக்கூடாது, ஏனென்றால் பார்ப்பவள் கதையைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.