சுவைத்தவன் அறியவில்லை, மொண்டவர்கள் அறிந்தார்கள்



கானாவூர்த் திருமணத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருப்பீர்கள். ஆறு கற்சாடிகள், தேவதாயின் பரிந்துரை, தண்ணீர் இரசமான அற்புதம் ஆகிய யாவும் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவையே. ஆனால் புனித அருளப்பர் தமது நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில், 9ஆம் வசனத்தில், போகிற போக்கில் ஒரு குறிப்பை வைத்துச் செல்கிறார். பந்தி மேற்பார்வையாளன் இரசத்தைச் சுவைத்தான். அது எங்கிருந்து வந்ததென்று அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் மொண்ட பணியாளருக்கோ தெரிந்திருந்தது. இந்தக் குறிப்பின் பொருள் எனக்கு விளங்கியது ஒரு வேதாகம நூலினால் அன்று. அச்சுவேலியில் ஒரு வீட்டு விறாந்தையிலே விளங்கியது.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரம். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஓர் இளைஞனைக் காணச் சென்றிருந்தேன். நல்ல பிள்ளை. ஞாயிறு பூசை தவறாதவன். பெட்டியில் உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்த இரண்டு போத்தல்களை எடுத்து வைத்து, "சுவாமி, இது நான் காய்ச்சின பியர். கொஞ்சம் ருசி பாருங்கோ" என்றான். நான் திகைத்தேன். "நீயா காய்ச்சினாய்?" என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது.

அங்கே இது பலருக்கு ஒரு பொழுதுபோக்காம். முளைப்பித்து உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி, சூடான நீரில் ஊறவைத்து, அதன் மாப்பொருளைச் சர்க்கரையாக்குகிறார்கள். வடித்தெடுத்த சாற்றை ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்க வைக்கிறார்கள். ஆறிய பின் மதுவம் சேர்த்து, ஏறத்தாழ 20 லீற்றர் கொள்ளும் வாளியில் மூடி, 20 பாகை செல்சியஸ் அளவிலே இரண்டு வாரம் வைக்கிறார்கள். மதுவம் சர்க்கரையைத் தின்று மதுசாரத்தையும் வாயுவையும் விடுகிறது. போத்தலில் அடைக்கும்போது சர்க்கரை சற்றுக் கூடினால் போத்தல் வெடிக்கும். பாத்திரம் சுத்தமில்லையென்றால் அவ்வளவும் புளித்துக் கெடும். நண்பர்கள் கூடி, சிறு கிண்ணங்களில் ஊற்றி, நிறம் பார்த்து, மணம் பிடித்து, ஒரு மிடறு சுவைத்துக் குறிப்பெழுதுவார்களாம். அமெரிக்காவில் இத்தகைய வீட்டுக் காய்ச்சலுக்கு 1978இல்தான் சனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்டுச் சட்ட அனுமதி வழங்கினார். நான் ஒரு மிடறு சுவைத்தேன். கசப்பு, பின்னால் வறுத்த பாணின் மணம். உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே இருந்தது.

அந்த நேரம் கேற்றடியில் ஒரு வயோதிபர் வந்து நின்றார். அப்பத்துக்கு மாப் புளிக்க வைப்பதற்குக் கள்ளுக் கொண்டுவந்த சீவல் தொழிலாளி. அந்த வீட்டில் பல வருடங்களாக அவரைப் பேர் சொல்லியே அழைப்பார்கள். அவர் கேற்றைத் தாண்டி வருவதில்லை. போத்தலை மதிலில் வைப்பார், காசும் மதிலில் வைக்கப்படும். யாரும் கட்டளையிடவில்லை. அது அப்படியே நடந்து வந்தது.

அந்த இளைஞன் எழுந்து கேற்றடிக்குப் போனான். "ஐயா, இது எத்தனை மணித்தியாலத்தில புளிக்கத் தொடங்கும்?" என்று கேட்டான்.

பெரியவர் முதலில் தயங்கினார். பிறகு பேசத் தொடங்கினார். "தம்பி, விசயம் முட்டியில இருக்கு. ஊத்தை முட்டியெண்டால் கள்ளும் ஊத்தைதான். வெள்ளாப்பில இறக்கினதுக்கும் வெயில் ஏறி இறக்கினதுக்கும் மணம் வேற. கருப்பநீர் வேணுமெண்டால் முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசுவம், புளிக்காது." பாளையை எப்படி இடுக்கிப் பதப்படுத்துவது, பாளைக்கத்தியால் எவ்வளவு மெல்லியதாய்ச் சீவுவது, கூடச் சீவினால் பாளை எப்படிச் செத்துப்போகும் என்றெல்லாம் சொன்னார். பாளையிலிருந்து வடிவது வெறும் இனிப்பு நீர். அதில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சர்க்கரை. முட்டியிலும் காற்றிலும் உள்ள மதுவம் அதை மரத்திலேயே கள்ளாக மாற்றத் தொடங்குகிறது. ஒரு நாள் கடந்தால் காடியாகப் புளித்துவிடும். வாளியில் இரண்டு வாரம் நடப்பது முட்டியிலே சில மணித்தியாலத்தில் நடக்கிறது.

இளைஞன் என் பக்கம் திரும்பி, "சுவாமி, நான் புத்தகம் படிச்சு ரெண்டு வருசம் பழகினதை இவர் கையால அறிஞ்சு வைச்சிருக்கிறார்" என்றான். பிறகு உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து விறாந்தையில் போட்டான். "இருங்கோ ஐயா."

வீடு ஒரு கணம் மௌனமாயிற்று. பெரியவர் இருக்கவில்லை, தாயைப் பார்த்தார். அந்த அம்மா உள்ளே போனார். கோபித்துப் போகிறார் என்றே நினைத்தேன். தேத்தண்ணீரோடு வந்தார். வீட்டார் குடிக்கும் அதே கோப்பை. பெரியவர் கதிரையின் நுனியில் இருந்து குடித்தார்.

பிரிய சகோதரரே, இதைச் சிறு காரியம் என்று எண்ணாதீர்கள். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க் கடையில் ஒரே கோப்பையில் குடிக்கும் உரிமைக்காக இம்மண்ணின் மக்கள் அடிபட்டார்கள். நம் ஆலயங்களுக்குள்ளேயும் ஒரு காலத்தில் இடம் பிரித்து இருத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். அது நம் பாவம். இன்று நம் பிள்ளை கனடாவிலே பியர் காய்ச்சினால் அதைக் கலை என்கிறோம், நண்பர்களுக்குப் படம் அனுப்புகிறோம். அதே மதுவத்தை அதே நுட்பத்தோடு ஆள்கிற மனிதன் உயிரைப் பணயம் வைத்துப் பனையேறினால் அவனுக்கு மதிலே போதும் என்கிறோம். நாம்தான் அந்தப் பந்தி மேற்பார்வையாளர். சுவை தெரியும், எங்கிருந்து வந்ததென்று தெரியாது.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. பெரியவர் போன பின், மகன் இரண்டாவது போத்தலைத் திறக்கக் கை வைத்தான். அப்போது அந்தத் தாய் என்னிடம் மெல்லச் சொன்னார்: "சுவாமி, இவன் குடிகாரன் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த மணம் வீட்டுக்குள்ள வந்தால் எனக்கு நெஞ்சு இடிக்குது." அவர் மேலே எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவருடைய கணவர் எதனால் காலமானார் என்பதை ஊரறியும். மகனும் அறிவான். அவன் போத்தலைக் கீழே வைத்துவிட்டான்.

திருச்சபை மதுவைச் சபிக்கவில்லை. புனித ஆசீர்வாதப்பர் தமது ஒழுங்கின் 40ஆம் அதிகாரத்தில் துறவிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு இரசம் என்று அளவிட்டுக் கொடுத்தார். அறவே விட்டுவிட வரம் பெற்றவர்களையும் அங்கே புகழ்ந்தார். பெல்ஜியத்தில் வெஸ்ற்விலெற்றரன் மடத்துத் துறவிகள் உலகமே தேடும் பியரைக் காய்ச்சுகிறார்கள். ஆயினும் மடத்தின் தேவைக்கு மேல் விற்பனையைப் பெருக்க அவர்கள் முயல்வதில்லை. நம் அச்சுவேலிக்கு அயலிலே, தோலகட்டியில், 1928இல் தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் தாசர் மடத்தை யாழ்ப்பாணத்தில் அறியாதார் யார்? அந்த மடத்தாரின் திராட்சை இரசமும் நெல்லி இரசமும் நம் வீட்டுப் பெருநாள் மேசைகளுக்கு வந்தவை. மௌனத்திலும் செபத்திலும் வாழ்கிறவர்களின் கை அந்தப் பானங்களைச் செய்தது. அளவு அறிந்த கை அது.

அளவு என்றால் எத்தனை கோப்பை என்ற கணக்கு மட்டுமா? புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் வேறோர் அளவைத் தருகிறார். என் உணவோ பானமோ என் சகோதரனுக்கு இடறலாகுமானால் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது அவர் போதனை. ஒரு மிடறு எனக்குக் கேடில்லாமல் இருக்கலாம். அருகில் இருப்பவர் குடியை விட்டு ஆறு மாதம் போராடுகிறவராயிருந்தால்? உள்ளே அடுப்படியில் நிற்பவள் அந்த மணத்துக்கு நடுங்குகிறவளாயிருந்தால்? அங்கே என் அளவு ஒரு மிடறுகூட இல்லை. அந்த இளைஞனுக்கு இதை நான் போதிக்கவில்லை. அவன் தாயின் முகத்தைப் பார்த்தான், அது போதுமாயிருந்தது.

இதை வாசிக்கும் இளைஞருக்கு ஒரு வார்த்தை. புலத்தில் அனுமதிக்கப்பட்டது இங்கும் அனுமதிக்கப்பட்டது என்று எண்ணி வாளியை எடுத்துவிடாதீர்கள். இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி மது தயாரிப்பது குற்றம். கசிப்பு எத்தனை குடும்பங்களைச் சுடலைக்கு அனுப்பியது என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நொதிக்க வைக்கும் கலையைக் கற்க ஆசையிருந்தால் அப்பமாவும் காடியும் வீட்டிலேயே இருக்கின்றன. கற்றுத்தரக்கூடியவரும் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார். அவரிடம் போய்க் கேளுங்கள்.

பெற்றோரே, நாளைக்கு உங்கள் கேற்றடிக்கு அவர் வரும்போது மதிலைக் காட்டாமல் கதிரையைக் காட்டுங்கள். அவருடைய பேருக்குப் பின்னால் ஓர் ஐயாவோ அண்ணையோ சேர்த்து அழைக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர் ஏறும் பனை வழுக்காதிருக்கவும், குடியினால் அழுகிற வீடுகளில் சமாதானம் உண்டாகவும் இன்றிரவு செபமாலையில் ஒரு பத்து மணியை ஒப்புக்கொடுங்கள். கானாவூரில் பணியாளரின் கையைக்கொண்டே தமது முதல் அற்புதத்தைச் செய்த ஆண்டவர், உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.