தராசில் ஏறாதவர்கள்

1944 பிப்ரவரி 15, இரண்டாம் உலகப் போர்க்காலம். இத்தாலியின் மோன்டே கசினோ மலையுச்சியில் இருந்த கத்தோலிக்க மடத்தை, இருநூறுக்கும் மேற்பட்ட நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசித் தகர்த்தன. புனித பெனடிக்ட் 529இல் நிறுவியதாகச் சொல்லப்படும் மடம் அது. அன்று முதல் இன்றுவரை உலகம் அந்தக் கட்டடத்துக்காக அழுகிறது. அதற்குள்ளே இருந்தவர்களுக்காக அழுதவர்கள் எத்தனை பேர்?

ரோமுக்குப் போகும் வழியை மறித்து, கடலிலிருந்து கடல்வரை ஜெர்மானியர் அமைத்திருந்தது குஸ்தாவ் அரண். கண்ணிவெடி, முள்கம்பி, காங்கிரீட் பதுங்கிடம், நீரைத் திருப்பிவிட்டுச் சேறாக்கப்பட்ட வயல் என்று எல்லாமே அதில் இருந்தன. மழையும் பனியும் கொட்டிய அந்தக் குளிர்காலத்தில் மலையேறிய அமெரிக்கப் படை சிதறியது. அடுத்து நான்காம் இந்தியப் படைப்பிரிவின் முறை. சாப்பாட்டையும் தோட்டாவையும் கோவேறு கழுதைகள்தான் மேலே சுமந்தன. எங்கே பதுங்கினாலும் அந்த மடம் தலைக்கு மேல் தெரிந்தது. அங்கிருந்து எதிரி தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வீரர்கள் நம்பினார்கள். அந்த நிலையில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தியப் பிரிவின் தளபதி டக்கர் நேப்பிள்ஸ் புத்தகக் கடைகளில் தேடி, 1879இல் வந்த ஒரு நூலைக் கண்டுபிடித்தார். மடத்துச் சுவரின் உயரமும் கனமும் அதில் இருந்தன. சுவரை அறிய அவ்வளவு பாடுபட்டார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை அறிய அந்தப் பாடு படவில்லை. அதற்கு முன்பே, 1943 டிசம்பரில், நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஐசனோவர் ஒரு விதி வகுத்திருந்தார்: புகழ்பெற்ற கட்டடமா, நம் வீரர்களின் உயிரா என்று வந்தால் உயிரே பெரிது. நல்ல விதிதான். ஆனால் அந்தத் தராசில் தட்டு இரண்டுதான். ஒன்றில் கல், மற்றொன்றில் நம் வீரர்கள். மடத்துக்குள் ஒண்டியிருந்த ஏழைக் குடும்பங்களுக்கு எந்தத் தட்டிலும் இடமில்லை.

அவர்கள் உள்ளே இருப்பது தெரியாது என்றும் சொல்ல முடியாது. வெளியேறுங்கள் என்று முந்தின நாளே இத்தாலிய மொழியில் துண்டறிக்கை வீசினார்கள். சுற்றிலும் பீரங்கி முழங்கும்போது கிழவிகளும் குழந்தைகளும் எந்த வழியாக இறங்குவார்கள்? 16ஆம் தேதி விடியற்காலையில் அவர்கள் வெளியேற ஒரு பாதை திறந்துவிட ஜெர்மானிய அதிகாரி இசைந்திருந்தார். 15ஆம் தேதி வானம் வெளுத்தது. வானிலை நன்றாக இருந்ததால் விமானங்கள் அன்றே வந்துவிட்டன.

செத்தவர்கள் நூற்றுச் சொச்சம் என்று சிலர் எழுதுகிறார்கள், இருநூறைத் தாண்டும் என்று வேறு சிலர். கடவுளின் வீட்டுக்குக் குண்டு வராது என்று நம்பி அங்கே ஏறியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையைப் பல நூற்றாண்டுகளாக ஊட்டி வளர்த்தவர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டாமா? மலையைக் காத்த ஜெர்மானியத் தளபதி செங்கர் பெனடிக்டின் சபையோடு பிணைந்த பக்தர். குண்டு வீசியவர்களிலும் அதே சிலுவையை வணங்கியவர்கள் ஏராளம். புனிதம் இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு குழந்தையைக்கூட அது காப்பாற்றவில்லை.

இத்தனைக்கும் பலன்? குண்டுவீச்சு முன்கூட்டியே நடந்ததால் இந்தியப் படை தாக்குதலுக்குத் தயாராக இல்லை. அதுவரை மடத்துக்குள் நுழையாதிருந்த ஜெர்மானியர் இடிபாட்டுக்குள் புகுந்து அதையே கோட்டையாக்கினார்கள். மே 18 அன்றுதான் போலந்து வீரர்கள் அங்கே கொடியேற்றினார்கள்.

மடத்தில் ஜெர்மானியப் படை இருக்கவில்லை என்று அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுத் துறை ஒப்புக்கொள்ள 1969 ஆயிற்று. அதற்குள் மடம் மறுபடியும் எழுந்து, 1964இல் போப் ஆறாம் பால் கையால் அர்ப்பணமும் ஆகிவிட்டது. வரலாற்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடியது ஜெர்மானியர் உள்ளே இருந்தார்களா இல்லையா என்பதைப் பற்றித்தான். இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் நாலு பேர் உள்ளே இருந்திருந்தால், அந்தக் கிழவிகளையும் குழந்தைகளையும் கொன்றது சரியாகியிருக்குமா?