தகதிமியும் டண்டணக்காவும்

தகதிமி என்று வாயால் சொன்னால் அதற்குச் சொற்கட்டு என்று பெயர். டண்டணக்கா என்று சொன்னால் கேலி என்று பெயர். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். தோலின்மேல் கையோ குச்சியோ எந்த வரிசையில் விழவேண்டும் என்பதை நாக்கில் ஏற்றி வைத்துக்கொள்கிற வழி. எழுதி வைக்காத கலை இப்படித்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததுக்குப் போகிறது. ஆனால் தகதிமி சொல்லிக்கொடுப்பவருக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துத் தட்சணை கொடுப்பார்கள். பள்ளிக்கூட வாசலில் ஒரு பையன் என்னைப் பார்த்து டண்டணக்கா என்றபோது அது என் தெருவின் பெயராக இருந்தது.

இசைக்கு அடிப்படைச் சொற்கள் என்று கொஞ்சம் உண்டு. தாளம், நடை, சுரம், சுதி, கருவி. படிக்க வருகிறவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மீட்டர், கிலோ மாதிரி இவையும் யாருக்கும் சொந்தமில்லாத அளவுகோல்கள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கல்லூரிக் காலத்தில் ஒரு சங்கீத வகுப்பில் போய் உட்கார்ந்து, பறையடியில் என்ன தாளம் வரும் சார் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, 'அது சத்தம்ப்பா, தாளம்னா ஒரு கணக்கு வேணும்ல' என்றார். கணக்கு இருக்கிறதா இல்லையா என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணவே தேவையில்லை என்கிற நிச்சயம் அவருக்கு எங்கேயிருந்து வந்தது?

நான் எண்ணினேன். கர்நாடக சங்கீதம் நடையை அய்ந்தாகப் பிரிக்கிறது: 3 திசிரம், 4 சதுசிரம், 5 கண்டம், 7 மிசிரம், 9 சங்கீர்ணம். இதே அய்ந்தைத் தாளத்தின் ஜாதிகள் என்றும் சொல்லி, 7 தாளங்களை அவற்றால் பெருக்கி 35 தாளம் என்கிறது. (ஜாதி என்றால் அங்கே வகை என்றுதான் பொருள் என்பார்கள். சரி, இருக்கட்டும்.) விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அய்யாவை முழங்காலில் தட்டிக்காட்டச் சொன்னேன். டப்பாங்குத்து மூன்று மூன்றாக நடந்தது. அசல் திசிரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. 'அய்யா, நீங்க அடிக்கிறது திசிர நடை' என்றேன், பரீட்சையில் அவரைப் பாஸ் போட்டுவிட்ட மாதிரி. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, 'மூணா நாலான்னு எவன்டா எண்ணுனான்? எந்த அடி வேணும்னு கேப்பாக, அடிப்போம்' என்றார்.

எந்த அடி? சாமிச்சாட்டு அடி, சப்பரத்தடி, மருளடி, மாரடிப்பு, வாழ்த்தடி, சாவு அடி. அன்றைக்குத்தான் உறைத்தது, எங்களிடமும் ஒரு சொல்வளம் இருந்தது என்பதும், அது என்ன மாதிரிச் சொல்வளம் என்பதும். திசிரம் என்ற சொல் எண்ணிக்கையைச் சொல்கிறது. வாழ்த்தடி என்ற சொல் யாரையோ வாழ்த்தச் சொல்கிறது. எங்கள் தாளங்களின் பெயர்ப்பட்டியலை வரிசையாகப் படித்தால் அது ஊருக்குச் சேரி செய்யவேண்டிய ஊழியத்தின் பட்டியலாகவும் இருக்கிறது. இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு ஊழியத்தை மட்டும் கழற்றிப் போட முடியுமா? என்னை வருஷக்கணக்காகக் குடைகிற கேள்வி இது.

சுரத்துக்கு வந்தால் ஒளிவுமறைவே கிடையாது. 13-ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் சுரங்களுக்கு வருணம் பிரித்து வைத்திருக்கிறது. ச, ம, ப மூன்றும் பிராமணர். ரி, த சத்திரியர். க, நி வைசியர். அந்தரம், காகலி என்று கொஞ்சம் இடம் மாறி ஒலிக்கிற சுரங்கள் சூத்திரர். சுரத்துக்கே இந்தக் கதி. இதில் ஒரு வேடிக்கை, பஞ்சமம் என்கிற சுரம் பிராமணர். பஞ்சமர் என்று பெயர் வைக்கப்பட்ட நமக்குச் சுரமே ஒதுக்கவில்லை. எங்கள் அப்பத்தா ஒப்பாரி எடுத்தால் நாலைந்து சுரங்களுக்குள்ளேயே நின்று, உச்சியில் பிடித்த இடத்திலிருந்து இறங்கி இறங்கி வந்து, கடைசிச் சொல்லில் அழுகையாகக் கரைந்துவிடும். சோகத்துக்கு முகாரி என்று எல்லாருக்கும் தெரியும். அப்பத்தாவின் சோகம் 72 மேளகர்த்தாவில் எதில் சேர்த்தி என்று தேடிப் பார்த்தவர்களை நான் கண்டதில்லை.

மேற்கத்திய இசைப் பாடத்தில் டெக்ஸ்சர் என்றொரு சொல் வரும். நெசவிலிருந்து வந்த சொல். ஒரே நேரத்தில் எத்தனை இழை ஓடுகிறது, எது எதோடு பின்னிக்கொள்கிறது என்று பார்ப்பது. கச்சேரி மேடையில் மேலே ஒரு குரல், அதைத் தொட்டுக்கொண்டே வயலின், மற்றதெல்லாம் பக்கவாத்தியம். எங்கள் செட்டில் பக்கம் என்று ஒன்று இல்லை. ஒருவர் மாறாத அடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மற்றவர்கள் அதை வெட்டியும் நிரப்பியும் போவார்கள். ஒரே ஒரு பறையில்கூட இரண்டு இழை உண்டு. இடது கையில் மெல்லிய மூங்கில் சிம்பு, வலது கையில் தடித்த பூவரசங்குச்சி. சிம்பு நச்சரித்துக்கொண்டே இருக்க, வலதுகைக் குச்சி இறங்கி நெஞ்சில் குத்தும். இதைக் கேட்கப் பாடம் தேவையில்லை. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, சுதி ஏறியதும் விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார்கள் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

சுதி என்றுதான் அய்யாவும் சொல்வார். அந்தச் சொல்லை யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று எனக்கு ஆராய்ச்சி இல்லை.

கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று பிரிப்பது பழைய வழக்கம். அந்தக் கணக்கில் பறையும் மிருதங்கமும் ஒரே சாதி, இரண்டும் தோல்கருவி. பறைக்கு மாட்டுத்தோல். மிருதங்கத்துக்கு மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அந்தத் தோலைப் பதம் பார்த்து, வெட்டி, வார் பிடித்துக் கட்டிக் கொடுக்கிற குடும்பங்களில் பெரும்பாலோர் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். வலந்தலையில் நாதம் எங்கே நிற்கும் என்று விரலால் கண்டுபிடிக்கிற காது அவர்களுடையது. கச்சேரி அழைப்பிதழில் அவர்கள் பெயர் வராது. டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 2020-இல் அதை வெளியிட இடம் தருவதாக இருந்த கலாஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. தோல் மேடையில் இருக்கலாம், தோலின் கதை இருக்கக்கூடாது.

பறைக்குப் பழம்பெருமை பேசுகிறவர்கள் உண்டு. தொல்காப்பியம் கருப்பொருள்களில் யாழோடு பறையையும் வைத்திருக்கிறது, குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி என்று திணைக்கொரு பறை உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் இந்தப் பேச்சில் எனக்குச் சலிப்பு வந்து ரொம்ப நாளாகிறது. நடுராத்திரியில் வாசலில் நின்று 'டேய், பெரிய வீட்ல எழவு விழுந்துருச்சு, வாடா' என்று கூப்பிட்டவனுக்குத் தொண்டகப்பறை தெரியாது. கூப்பிடப்பட்டவருக்கும் தெரியாது.

அய்யா பறையைக் கீழே வைத்தது 1987-இல். அப்பத்தா செத்து வீட்டில் கிடத்தியிருந்தோம். அதே நாள் காலையில் ஊரில் ஒரு பெரிய வீட்டிலும் எழவு. ஆள் வந்தது. எங்களுக்கும் எழவுதான் சாமி என்று அய்யா சொன்னார். அத அப்பறம் பாத்துக்க, மொதல்ல வா என்று பதில். போனார். பெற்ற தாயைப் போட்டுவிட்டு அடுத்தவன் தாய்க்குச் சாயங்காலம் வரைக்கும் அடித்தார். கூலியாகக் கொடுத்த நெல்லை அங்கேயே கொட்டிவிட்டு வந்து, பறையை அப்பத்தாவின் சிதையிலேயே போட்டார். அதற்கப்புறம் ஊரில் எங்களுக்கு என்னென்ன நடந்தது என்பது தனிக் கதை. அடிக்கமாட்டோம் என்று சொன்ன சேரிகளுக்கெல்லாம் நடந்ததுதான்.

அப்புறம் காலம் வேறு மாதிரித் திரும்பியது. தலித் கலைவிழா மேடைகளில் பறை ஏறியது. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக ராகத்தில் கிடந்த வழிபாட்டை நாட்டுப்புற மெட்டுக்கும் பறைக்கும் மாற்றினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதையெல்லாம் பார்த்து அய்யாவுக்குப் பெருமையா வருத்தமா என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. டிவியில் பட்டுச்சட்டை போட்ட பையன்கள் சாவு அடியைச் சிரித்துக்கொண்டே ஆடி அடித்தபோது மட்டும், 'யாருக்குடா அடிக்கிறானுங்க?' என்று கேட்டார்.

நான் இரண்டு கட்சியிலும் பாதிப் பாதி. பறையை விட்டொழிக்க வேண்டும் என்பவர்கள் அந்த 1987-ஐ அறிந்தவர்கள், அவர்களிடம் கலை கலை என்று பேசுவது அயோக்கியத்தனம். பறையை எடு என்பவர்கள் சொல்வதும் சரி, தோல் என்ன குற்றம் செய்தது? ஆனால் திசிரம் என்று நிரூபித்து அவர்கள் பட்டியலில் ஒரு வரி வாங்குவதற்காக நான் பட்ட பாடு இருக்கிறதே, அது தப்பு. கணக்கைக் கற்றுக்கொள்ளலாம், அது பயன்படும். அந்தக் கணக்கில் தேறினால்தான் இசை என்று ஒத்துக்கொண்ட நிமிஷமே, தேறாத ஒப்பாரியை நானே சத்தம் என்று சொன்னவனாகிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பறையைக் கீழே வைத்த எங்கள் தெரு, சாவு விழுந்தால் பறை இல்லாமல் இருந்துவிடவில்லை. பக்கத்து ஊர் அருந்ததியர் தெருவுக்கு ஆள் அனுப்புகிறது. வாசலுக்கு வெளியே நிறுத்தி அடிக்கச் சொல்கிறது. 'டேய்' என்று கூப்பிடுகிறது. நம் பத்திரிகைகளில் இதை எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

அய்யா போன வருஷம் இறந்தார். எவனையும் கூப்பிட்டு அடிக்க விடாதீங்க என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார். நான் ஒரு கலைக்குழு நண்பரிடம் பறை வாங்கி வந்து, வாசலில் வைக்கோலைக் கொளுத்தினேன். சித்தப்பா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். 'ஒங்கய்யா எதுக்குடா கீழ வச்சாரு? நீ வாத்தியாராப் போயி திருப்பி எடுக்கவா?' என்றார். என்னிடம் பதில் இல்லை. இது அவருக்கு, சித்தப்பா, வேற யாருக்கும் இல்ல என்று மட்டும் சொன்னேன். ஒத்தையடியில் ஆரம்பித்தேன். சின்ன வயசில் முழங்காலில் தட்டியதோடு சரி, கை தடுமாறியது, மனசுக்குள் ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணிக்கொண்டே அடித்தேன். பெரியப்பா மகன் அண்ணன் பக்கத்தில் வந்து, 'எண்ணாதடா, பாடை தூக்குறவன் காலப் பாரு' என்றார். காலைப் பார்த்துக்கொண்டே சுடுகாடு வரைக்கும் போனேன். சித்தப்பா திண்ணையை விட்டு இறங்கவில்லை. இன்றுவரை அதைப்பற்றி என்னிடம் பேசவும் இல்லை.