நல்ல நிய்யத்து மட்டும் போதுமா?

 

அவசர சிகிச்சை செய்யும் டாக்டர்களும் மருத்துவ உதவி அதிகாரிகளும் ஒரு முறை படித்துத் தேறினால் போதுமா, அல்லது ஆயுள் முழுவதும் படித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? இதுவே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். மதரஸாவில் கிதாபும் ஆரம்பப் பள்ளியில் கணக்கும் படித்துவிட்டுத் தராசைக் கையில் பிடித்த நமக்கு இதைப் பற்றிப் பேச என்ன அருகதை என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் இது வைத்தியத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, அமானிதத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும். அமானிதம் என்றால் என்னவென்று வியாபாரிக்குத் தெரியாமல் போகுமா?

இந்த எண்ணம் நமக்கு ஏற்பட்ட காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளையில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தொழிலாளியை நமது கடைக்குத் தூக்கி வந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது செடிக்குள் இருந்த விரியன் பாம்பு அவர் வலக்கை விரலில் தீண்டிவிட்டது. வண்டி வைத்திருப்பவர் நாம் என்பதால் நம்மிடம் கொண்டு வந்தார்கள். நாம் சும்மா இருக்கவில்லை. சணல் கயிற்றை எடுத்து மணிக்கட்டுக்கு மேல் இறுக்கிக் கட்டினோம். நமது தகப்பனார் அப்படிக் கட்டியதைச் சிறு வயதில் கண்டிருக்கிறோம். விஷம் ஏறாமலிருக்க இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினோம். பிறகு தானா ராத்தா நோக்கி வண்டியை ஓட்டினோம்.

அங்கே மருத்துவ உதவி அதிகாரி அந்தக் கட்டைக் கண்டதும் முகம் மாறினார். "யார் கட்டியது?" என்றார். "நாம்தான்" என்றோம், சிறிது பெருமையாகவே. அவர் கடிந்துகொள்ளவில்லை. கட்டை மெல்லத் தளர்த்திக்கொண்டே, "நானும் முன்பெல்லாம் இப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தேன் பாய். பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் விட்டேன்" என்றார்.

பின்னர் விளக்கினார். விரியன் விஷம் சதையை அழிக்கக் கூடியது. இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று, விஷம் ஓரிடத்தில் தேங்கி, கைக்கே கேடு வரும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் கழற்றிவிட்டுக் கையை அசையாமல் வைத்து, விரைந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதே இன்றைய முறை. அந்தத் தொழிலாளி அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். ஆனால் ஒரு விரல் போய்விட்டது. விஷத்தால் போனதா, நமது முடிச்சால் போனதா என்று கேட்டோம். இரண்டும் காரணமாயிருக்கலாம் என்றார்கள். அவர் இன்றும் நம் கடைக்கு வருகிறார். மீதி விரல்களால் காசை எண்ணித் தருகிறார். உயிரைக் காத்தவர் என்று நமக்கு நன்றியும் சொல்கிறார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள நமக்குக் கை கூசுகிறது.

நமது நிய்யத்து நல்லது. அதில் ஐயமில்லை. செயல்கள் எல்லாம் எண்ணத்தைப் பொறுத்தவையே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டு நாம் சமாதானம் அடைந்திருக்கலாம். ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள், வைத்தியம் அறியாத ஒருவர் வைத்தியம் செய்யப் புகுந்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்றும் எச்சரித்திருக்கிறார்கள். தொழிலறிந்த வைத்தியர், நோயாளியின் சம்மதத்துடன், முறைப்படி சிகிச்சை செய்தும் பலன் கிட்டாவிட்டால் அவர்மீது பழியில்லை என்பது ஃபிக்ஹு சட்ட அறிஞர்கள் கண்ட முடிவு.

இரண்டு போதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? அறிந்துகொள்ளத் தன்னால் இயன்ற முயற்சியைச் செய்தவனுக்கே நல்ல எண்ணம் கேடயமாகிறது. அறிய வழியிருந்தும் அறியாமல் இருந்தவன், எண்ணத்தைக் காட்டித் தப்பிவிட முடியாது.

அறிந்தவர் யார் என்பதைச் சோதித்தறியும் வழக்கம் நமது சரித்திரத்தில் பழமையானது. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு வைத்தியரின் தவற்றால் ஒரு நோயாளி இறந்த செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. சினான் இப்னு தாபித் என்ற தலைமை வைத்தியர் சோதித்து அனுமதித்தாலன்றி எவரும் வைத்தியம் செய்யலாகாது என்று அவர் கட்டளையிட்டார். அந்நகரில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் சோதனைக்கு வந்தார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். மெச்சத் தக்க ஏற்பாடுதான். ஆனால் ஒரு முறை தேறிய வைத்தியர் இருபது ஆண்டுகள் கழித்தும் தேறியவரே ஆவாரா?

இதற்கு விடை நமது கடையிலேயே இருக்கிறது. இந்நாட்டில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி வியாபாரத் தராசு ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். முத்திரை இல்லையென்றால், தராசு சரியாக இருந்தாலும் குற்றம் குற்றமே. "நான் யோக்கியன், என் தராசை ஏன் சோதிக்கிறாய்?" என்று அதிகாரியிடம் நாம் சண்டையிடுவதில்லை. கடைக்காரரின் யோக்கியதை வேறு, தராசின் யோக்கியதை வேறு. வில் தளரும், முள் விலகும், தேய்மானம் ஏற்படும். கடைக்காரர் அறியாமலே நிறை குறையும். அளவில் மோசம் செய்வோருக்குக் கேடுதான் என்று திருமறையில் ஒரு முழு அத்தியாயமே இறங்கியிருக்க, தன் தராசு தேய்ந்ததைக் கவனியாதவன் தன்னை முற்றிலும் குற்றமற்றவன் என்று சொல்லிக்கொள்ள இயலுமா?

அறிவும் தராசைப் போன்றதே. அது இரண்டு வழிகளில் குறைகிறது. ஒன்று, உலகம் முன்னே போய்விடுவதால் குறைகிறது. மற்றொன்று, கைப்பழக்கம் விட்டுப்போவதால் குறைகிறது.

முதலாவதற்கு ஓர் உதாரணம். நின்றுவிட்ட இருதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்கும் முறை 1960இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களால் உலகுக்கு எடுத்துரைக்கப்பட்டது. வெகு காலம் பதினைந்து அழுத்தலுக்கு இரண்டு மூச்சு என்று கற்பித்தார்கள். 2005இல் அது முப்பதுக்கு இரண்டு என்று மாறிற்று. முதலில் மூச்சு வழியைப் பார், பிறகு நெஞ்சை அழுத்து என்ற வரிசையும் 2010இல் மாறி, பெரியவர்களுக்கு அழுத்தலே முதல் வேலை என்றாயிற்று. 2004இல் படித்துத் தேறி, அதோடு ஏட்டை மூடிவைத்தவர், நல்ல நிய்யத்தோடு பழைய முறையையே செய்துகொண்டிருப்பார்.

தோட்டப்புறத்துக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து அது தடை செய்யப்பட்டது. அதற்கு முன் தோட்டங்களில் அதை அறியாதார் இல்லை. அதைக் குடித்தவருக்கு மூச்சுத் திணறும். மூச்சுத் திணறினால் ஆக்ஸிஜன் கொடுப்பது தானே முறை? எவரும் அப்படித்தான் எண்ணுவார். ஆனால் அந்த நஞ்சு ஆக்ஸிஜனோடு சேர்ந்தே நுரையீரலை அழிக்கிறது. ஆகவே இரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்தாலன்றிக் கொடுக்காதே என்பது அந்த விஷத்துக்குரிய விதி. இதைக் கற்றிராத ஒருவர், இரக்கத்தால் குழாயைத் திறந்து, இரக்கத்தாலேயே தீங்கை அதிகமாக்கிவிடுவார்.

இரண்டாவது, கைப்பழக்கம். நெஞ்சழுத்தப் பயிற்சி பெற்றவர்களைச் சில மாதங்கள் கழித்துச் சோதித்தால், திறன் குறையத் தொடங்கியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். இருமலுக்கு மருந்து கொடுப்பவர் ஐயம் வந்தால் ஏட்டைப் புரட்டலாம். நாளை வா என்றும் சொல்லலாம். மூச்சு நின்றவனிடம் நாளை வா என்று சொல்ல முடியுமா? அந்த நிமிஷத்தில் மனத்தில் இருப்பதும் கையில் இருப்பதுமே உதவும்.

பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் நாள்தோறும் நடப்பது மலையிலே ஆண்டுக்குச் சில முறைதான் நடக்கும். நடக்கும்போது அதே அளவு கடுமையாக நடக்கும். 2010 டிசம்பர் 20ஆம் நாள், கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கிய பேருந்து ஒன்று கவிழ்ந்து, பெரும்பாலும் தாய்லாந்துச் சுற்றுலாப் பயணிகளாகிய இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அத்தகைய நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவதில்லை. பகாங் மாநிலத்து மலையாயினும் நமது முக்கியப் பாதைகள் பேராக்கை நோக்கி இறங்குகின்றன. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. ஈப்போவின் பெரிய ஆஸ்பத்திரி இன்னும் அப்பால் இருக்கிறது. ஆகவே முதல் ஒரு மணி நேரம் சுல்தானா ஹாஜ்ஜா கல்சோம் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களின் கையிலும், கிளினிக்கில் இருப்பவர்களின் கையிலுமே உள்ளது.

சிறு ஊர் ஆஸ்பத்திரிகளின் இந்த நிலையை உலகம் உணர்ந்ததும் ஒரு விபத்தினால்தான். 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு வைத்திய நிபுணர் ஓட்டிய சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் விழுந்தது. மனைவி அவ்விடத்திலேயே இறந்தார். பிள்ளைகள் காயமடைந்தார்கள். அருகிலிருந்த சிற்றூர் ஆஸ்பத்திரியில் கிடைத்த சிகிச்சை, வயல்வெளியில் வெறுங்கையோடு தாம் செய்ததைவிடக் குறைவானது என்று அவர் கண்டார். அவர் அந்த டாக்டர்களை வைது கொண்டிருக்கவில்லை. அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை என்பதை உணர்ந்து, நண்பர்களுடன் சேர்ந்து ஒரு பாடத்தை ஏற்படுத்தினார். 1978இல் நெப்ராஸ்காவிலேயே தொடங்கிய அப்பாடத்தை 1980இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரி ஏற்றுக்கொண்டது. இன்று பல நாட்டு டாக்டர்கள் அதைக் கற்கிறார்கள். அதில் தேறியோரின் சான்று நான்கு ஆண்டுக்கே செல்லும். பிறகு மறுபடியும் சோதனை உண்டு. நமது தராசு முத்திரையைப் போன்றதே அதுவும்.

நிற்க. மலேசியாவிலும் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்த மருத்துவச் சட்டத் திருத்தத்தையொட்டி, டாக்டர்கள் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் காட்ட வேண்டியதாயிற்று. நல்லதே. ஆனால் புள்ளி சேர்ப்பது வேறு, கற்பது வேறு. கூட்டத்துக்குப் போய்க் கையொப்பமிட்டு, பின்வரிசையில் உறங்கிவிட்டு வருவதும் உண்டு. தராசைத் தொடாமலே ஒட்டிய முத்திரைக்கு என்ன மதிப்போ, அதற்கும் அதே மதிப்புத்தான். சட்டம் உடலைக் கூட்டத்தில் உட்கார வைக்கும். உள்ளத்தை உட்கார வைப்பது இறையச்சமே.

இங்கே ஒரு மறுப்பு எழும். "சிறிய ஆஸ்பத்திரி, ஆட்கள் குறைவு. ஒருவர் ஒரு வாரம் பயிற்சிக்குப் போனால் நோயாளிகளை யார் பார்ப்பது? அவரும் மனிதர்தானே, இரவெல்லாம் விழித்தவர் எப்போது படிப்பது?" இது சோம்பேறியின் சாக்கு அல்ல, உண்மையான இடைஞ்சல். இவ்விடத்தில்தான் கடமை டாக்டரோடு நில்லாமல் நம்மிடமும் வருகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் வைத்தியத்தைப் பர்ளு கிபாயா என்று கூறியிருக்கிறார்கள். ஊரில் சிலர் அதைச் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும். எவருமே செய்யாவிட்டால் ஊரார் எல்லோரும் குற்றவாளிகள். வைத்தியர் ஒருவர் இருப்பதே கடமை என்றால், அவர் அறிவு தேயாமல் இருப்பதும் அக்கடமையின் பகுதியேயாகும். தேய்ந்த தராசு உள்ள ஊரைத் தராசு உள்ள ஊர் என்று சொல்வதில் என்ன பயன்?

ஆகவே வியாபாரிகளாகிய நாம் செய்யக் கூடியவை சில உண்டு. முதலாவது, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்றால் முணுமுணுக்காமல் காத்திருப்பது. அவர் போயிருப்பது நமக்காகவே. இரண்டாவது, பயிற்சி நடத்த இடமும் உணவும் போக்குவரத்தும் வேண்டுமென்றால், நமது ஜமாஅத்தும் சங்கமும் முன்வருவது. பேச்சாளர்களுக்கும் விருந்துகளுக்கும் செலவிடும் நாம் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். மூன்றாவது, நாமே கற்றுக்கொள்வது. 999க்குத் தொலைபேசி செய்துவிட்டு ஆம்புலன்ஸ் மலைச் சாலையில் வந்து சேரும் வரை நோயாளியோடு இருக்கப் போகிறவர் டாக்டர் அல்லர். கடைக்காரர், கங்காணி, லாரி ஓட்டுநர். நமது முடிச்சு நமக்குக் கற்பித்தது இதுவே.

அறிவில் முழுமை பெற்றிருந்த நாயகம் (ஸல்) அவர்களுக்கே, இன்னும் அறிவை அதிகமாக்கு என்று தம் ரப்பிடம் கேட்கும்படி திருமறை கட்டளையிட்டது. போதும் என்று சொல்ல அவர்களுக்கே அனுமதி இல்லாதபோது, பட்டம் பெற்ற டாக்டருக்கு ஏது? பாட்டன் வழக்கத்தை மட்டும் அறிந்த நமக்கு ஏது?

அன்று அந்த மருத்துவ உதவி அதிகாரி கட்டைத் தளர்த்தும்போது, தாமும் முன்பு தவறாகச் செய்ததை நோயாளியின் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதால் அவர்மீது நமக்கு மதிப்புக் குறையவில்லை, கூடிற்று. அந்தத் துணிவை அல்லாஹுத்தஆலா எல்லா வைத்தியர்களுக்கும், அவர்களை நம்பி வாழும் நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.