தைரியமாக இரு என்று யார் சொல்வது?

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் சுற்றுவட்டாரத்தில் விசைத்தறிகள் பெரும்பாலும் பேண்டேஜ் துணிதான் நெய்கின்றன. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் யாருடைய காயத்திலோ சுற்றப்படும் அந்த மெல்லிய வெள்ளைத் துணி, இந்த ஊர்களின் ராப்பகல் உழைப்பு. பஞ்சு விலை ஏறினால் நூல் விலை ஏறும். அந்த வேகத்தில் துணி விலை ஏறாது. 2022 மே மாதத்தில் 356 கிலோ எடையுள்ள ஒரு கேண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அப்படிப்பட்ட காலங்களில் தறியை ஓட்டுவதைவிட நிறுத்திவைப்பதே நஷ்டம் குறைவு என்று முதலாளி கணக்குப் போடுவார். தறி ஓடினால்தான் தொழிலாளிக்குக் கூலி. தறி நின்ற வீட்டில் மளிகைக்கடைப் பாக்கியும் மகளிர் குழுக் கடனின் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் நிற்பதில்லை. அந்த வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது உறவினர் ஒருவர் சொல்கிறார்: "தைரியமா இருங்க, எல்லாம் சரியாப் போகும்."

அவர் கெட்டவர் அல்ல. அக்கறையில்தான் சொல்கிறார். வேறென்ன சொல்வது என்று தெரியாமலும் சொல்கிறார். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. துன்பத்தில் கிடப்பவர் நம்பிக்கையோடு இருப்பது அவருடைய கடமைதானா? கடமை என்றே வைத்துக்கொண்டாலும், வெளியில் நிற்பவர் அதை அவருக்கு நினைவூட்டலாமா?

கடமை என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கடன்பட்டவர் வட்டியோடு சேர்த்து முகமலர்ச்சியையும் கட்ட வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டில் சிரிக்க வேண்டும், யாராவது விசாரித்தால் "ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொல்ல வேண்டும். என்றைக்காவது தாங்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால், "அவனுக்கு மனசுல தெம்பு பத்தல" என்று ஊர் தீர்ப்பெழுதிவிடும். நூல் விலை, கூலி ஒப்பந்தம், மருத்துவச் செலவு எல்லாம் பேச்சிலிருந்து நழுவிப்போய், ஒரு தனிமனிதரின் மனசு மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். கூலி உயர்வு கேட்பவரிடம் "கொஞ்சம் பொறுத்துக்கோ, காலம் மாறும்" என்று சொல்லும்போது, அந்தப் பொறுமையால் லாபம் யாருக்கு என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

திருக்குறளில் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே உண்டு, 63-வது அதிகாரம். துன்பம் வரும்போது கலங்காதே என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது அதைத்தான். அந்த அதிகாரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பலர் கவனிப்பதில்லை. பொருட்பாலில், 39-வது அதிகாரமான இறைமாட்சியில் தொடங்கும் அரசியல் என்னும் பகுதியின் கடைசி அதிகாரம் அது. அடுத்தது அமைச்சு. அதாவது, அந்த வைப்பு முறைப்படி, கலங்காமை முதலில் நாடாள்பவனிடம் கேட்கப்படுகிறது. பஞ்சம் வந்தால் களஞ்சியத்தின் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர் நிலைகுலையக் கூடாது. அந்தப் பத்துக் குறளும் எல்லோருக்கும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆள்பவருக்கான அறத்தை ஆளப்படுபவரின் தலையில் மட்டும் தூக்கிவைப்பது வள்ளுவர் வழி ஆகாது.

இதற்கு மறுபக்கம் இருக்கிறது. லேசான வாதமும் அல்ல. நம்பிக்கை இல்லாமல் ஒரு கையும் அசையாது. கண்மாயில் தண்ணீர் நிற்குமா என்று தெரியாமல்தான் இந்த வட்டாரத்து விவசாயி நாற்றங்கால் போடுகிறார். "உன்னால் முடியும்" என்று யாரோ ஒருவர் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள் நம்மைச் சுற்றி எத்தனையோ பேர். உயிரையே விட்டுவிடலாம் என்று நினைத்த இரவில், பக்கத்தில் உட்கார்ந்து விடியும்வரை பேசிக்கொண்டிருந்த ஒரு சிநேகிதரால் பிழைத்தவர்களும் உண்டு. துன்பப்படுபவரைச் சூழ்நிலையின் கைதியாக மட்டுமே பார்ப்பதும் அவமதிப்புதான். அவருக்கு மனம் இருக்கிறது, வைராக்கியம் இருக்கிறது; அதை இல்லையென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆகவே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது: எப்படிப்பட்ட நம்பிக்கை? அதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள்?

முதல் கேள்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பதில் இருக்கிறது. துளசிச் செடியடியில் கிடந்த குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார் என்பது ஊரறிந்த கதை. அந்த ஆண்டாள் எழுதியவற்றில் திருப்பாவையின் 30 பாடல்களை மார்கழி முழுக்க வீதிவீதியாகப் பாடுகிறோம். நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களில் கல்யாண வீடுகளில் பாடும் வாரணமாயிரத்தை விட்டால் மற்றவை பலருக்குப் பழக்கமில்லை. அங்கே இருப்பது காத்திருப்பு. அமைதியான காத்திருப்பு அல்ல. தை மாதத்தில் காமதேவனுக்கு நோன்பு இருக்கிறாள். குயிலைக் கூப்பிட்டுத் திருமால் வரும்படி கூவச் சொல்கிறாள். மேகத்தைத் தூது விடுகிறாள். ஓரிடத்தில் கூடல் இழைக்கிறாள்: கண்ணை மூடிக்கொண்டு மணலில் விரலால் ஒரு வட்டம் போட வேண்டும், தொடங்கிய இடத்தில் கோடு வந்து கூடிவிட்டால் அவன் வருவான், கூடாவிட்டால் வரமாட்டான். விரல் நகர நகர அந்தப் பெண்ணின் மூச்சு நின்று நின்று வருவதைப் படிப்பவர் உணரலாம்.

அத்தோடு நிற்கவில்லை. அவன் வரத் தாமதமானபோது அவள் பொறுத்துப் போகவில்லை. நேருக்கு நேர் சண்டை பிடிக்கிறாள். கருணையில்லாதவன் என்கிறாள். அவனுக்கு ஆகாத இந்தக் கொங்கையைப் பிடுங்கி அவன் மார்பிலேயே எறிவேன் என்னும் அளவுக்குக் கொதிக்கிறாள். பக்தி மரபு இந்தக் கோபத்தை அழித்துவிடவில்லை, மறைத்துவைக்கவும் இல்லை. கோயில் கட்டி வைத்துக் கும்பிடுகிறது. முறையிடுகிறவள் நம்பிக்கை இழந்தவள் அல்ல. கேட்பார் இருக்கிறார்கள் என்று நினைப்பவர்தான் சண்டை போடுவார். முறையீட்டைக் கைவிட்டுவிட்டு எப்போதும் சிரித்த முகமாகத் திரிகிற ஆளைக் கண்டால்தான் பக்கத்து வீட்டுக்காரர் கவலைப்பட வேண்டும்.

இந்த முறையீடு தெய்வத்திடம் மட்டுமல்ல, ஆட்சியிடமும் நடக்கும். ராஜபாளையத்தில் 1898-ல் பிறந்த பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார். மழை பொய்த்த, ரேஷன் கெடுபிடி மிகுந்த ஆண்டுகள் அவை. புது நாடு, கொஞ்சம் பொறுங்கள் என்று அன்றைய மக்களிடம் சொல்ல நியாயமான காரணங்களும் இருந்தன. மக்கள் பொறுக்கவில்லை. 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முதலமைச்சரே தோற்றார். பின்னர் ராஜாஜி பொறுப்பேற்று அதே ஆண்டு ஜூன் மாதம் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அன்று வாக்குச்சாவடியில் நின்ற பட்டினி வயிறுகள் நம்பிக்கை இழந்தவை என்று யாரும் சொல்ல முடியாது.

தோற்றவர் பக்கமும் பார்க்க வேண்டும். குமாரசாமி ராஜா பிறந்து சில நாட்களிலேயே தாயை இழந்தவர். மூன்று வயதில் தந்தையையும் இழந்தார். அனாதைக் குழந்தை முதலமைச்சர் ஆன கதையை மேடையில் சொல்வதானால் விடாமுயற்சி, மனஉறுதி என்று முழங்கலாம். அவருக்கு அவை இருந்தன. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்குச் சோறு ஊட்டியது மனஉறுதி அல்ல, ஒரு பாட்டி. வாழ்க்கை வரலாறுகளில் அந்தப் பாட்டிகளுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை; அநியாயம் அது. தேர்தலில் தோற்றபின் அவர் முடங்கவில்லை. 1954-ல் ஒடிசா ஆளுநரானார். ராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். யாரோ கொடுத்து வளர்ந்தவர், கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது யார் என்ன கொடுக்கிறார்கள் என்பதற்கு, மறுபடியும் ஆண்டாளிடம்தான் போக வேண்டும். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக அவள் நேர்ந்துகொண்டாள். பாட்டில் நேர்ந்ததுதான், கையால் செய்து முடித்ததாகச் செய்தி இல்லை. சில நூற்றாண்டுகள் கழித்து வந்த ராமானுஜர் அந்தப் பாசுரத்தைப் படித்துவிட்டு, நேர்த்திக்கடன் பாக்கி கிடக்கிறதே என்று அழகர் கோயிலில் அதைச் செலுத்தினாராம். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரை "அண்ணா" என்று அழைத்து எதிர்கொண்டாள் என்று வைணவ மரபு சொல்கிறது. இன்றைக்கும் மார்கழி 27, கூடாரவல்லியன்று, நெய் வழிய வழிய அக்காரவடிசில் படைக்கிறார்கள். இந்தக் கதையில் ராமானுஜர் பாக்கி வைத்தவளுக்குப் புத்திமதி சொல்லவில்லை. அரிசியும் பாலும் வெல்லமும் நெய்யும் வாங்கினார். உடன்பிறந்தான் என்ற உறவு அவருக்கு அதனால்தான் கிடைத்தது.

தைரியமாக இரு என்று சொல்லும் உரிமை இப்படித்தான் வருகிறது என்று படுகிறது. பாக்கியில் ஒரு பங்கையாவது தன் பங்காக எடுத்துக்கொண்டவர் சொன்னால், அந்தச் சொல் கேட்பவருக்குப் பாரமாக இருக்காது. பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தவணை வசூலிக்க வருபவர் முன்னால் கூட நிற்பது, ஆஸ்பத்திரியில் ஓர் இரவு துணைக்குப் படுப்பது, பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, அழும்போது குறுக்கே பேசாமல் கேட்பது, எல்லாம் பங்குதான். ஒன்றும் கொடுக்க இயலாதவர்களும் உண்டு; அவர்கள் "என்ன சொல்றதுன்னே தெரியல" என்று உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், அதில் குறைவில்லை.

கொடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வாதம் அரைகுறை. தறித் தொழிலில் முன்பணம் கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இடுக்கணில் கைகொடுத்த அந்தப் பணமே, கடன் தீரும்வரை வேறு தறிக்குப் போகக் கூடாது என்ற கட்டாகவும் மாறிவிடுகிறது. உதவி பெற்றவர் அதற்குப் பிறகு கூலி உயர்வு கேட்டால் நன்றிகெட்டவர் ஆகிவிடுகிறார். வாயை அடைக்கும் உதவி, நம்பிக்கையை வளர்ப்பதில்லை; விலைக்கு வாங்குகிறது. அக்காரவடிசில் படைத்த அண்ணன் தங்கையிடம், இனி யாரையும் கோபித்துப் பாடாதே என்று நிபந்தனை போடவில்லை. சத்திரப்பட்டித் தறிக்காரருக்கு இக்கட்டில் முன்பணம் கொடுப்பவர், அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் அதே தொழிலாளி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து குரலை உயர்த்தினால், அந்தப் பணத்தைச் சொல்லிக்காட்டாமல் இருக்க வேண்டும்.