சுற்று எண்ணுகிறவர்கள்

கார் பந்தயம் பார்க்கிறேன்னு சொன்னா தோழர்கள் சிரிக்கிறாங்க. பெட்ரோலைக் கொளுத்துற பணக்காரன் விளையாட்டுல நமக்கு என்னய்யா வேலைன்னு கேக்குறாங்க. பணக்காரன் விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் அதன் ரசிகனானதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒருத்தன் ஜெயிச்சான்னா அதில் அவன் திறமை எவ்வளவு, அவனுக்குக் கிடைத்தது எவ்வளவு? தகுதி, தகுதி என்று சொல்லியே நம்மை வெளியே நிறுத்திய சமூகத்தில் இது விளையாட்டுக் கேள்வி அல்ல.

ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் தனியாக ஓடுவதுபோலத் தெரியும். அவன் தின்ற சோறும் பெற்ற பயிற்சியும் கண்ணுக்குத் தெரியாது. கார் பந்தயத்தில் எதையும் மறைக்க முடியாது. பார்முலா ஒன்னில் ஓட்டுநருக்கான உலகப் பட்டம் 1950ல் தொடங்கியது. 1958ல் வண்டி கட்டுகிறவர்களுக்கும் தனிப் பட்டம் வந்தது. ஆளுக்கு ஒன்னு, வண்டிக்கு ஒன்னு. நடுவில் வண்டி வந்து நின்றால் இருபது பேர் பாய்ந்து மூணு செகண்டுக்குள்ள நாலு டயரையும் மாத்தி அனுப்புறாங்க. அத்தனை கைகளும் தெரிகின்றன.

லூயிஸ் ஹாமில்டனை எடுத்துக்கொள்வோம். 2007ல் நுழைந்த அவர்தான் பார்முலா ஒன்னின் முதல் கறுப்பு ஓட்டுநர். ஒரே நேரத்தில் பல வேலை பார்த்து அவரைப் பந்தயத்துக்கு அனுப்பியவர் அவருடைய அப்பா. ஏழு முறை உலக சாம்பியன். 2020ல் 11 பந்தயங்களில் வென்ற அதே மனிதர் 2022லும் 2023லும் ஒன்றில்கூட வெல்லவில்லை. வயசாச்சுன்னு சிலர் சொன்னாங்க. பெரும்பாலான ரசிகர்கள் வண்டி முன்னமாதிரி இல்லைன்னுதான் பேசிக்கிட்டோம். 2024ல் சில்வர்ஸ்டோனில் மறுபடி ஜெயிச்சார். இந்த நிதானம் நம்ம பிள்ளைகளின் பரீட்சை மார்க்கைப் பார்க்கும்போது மட்டும் ஏன் யாருக்கும் வருவதில்லை?

அப்படியென்றால் திறமை என்று ஒன்று இல்லையா? இருக்கிறது. எந்த வண்டியில் என்ன செய்தான் என்று பார்த்தால்தான் அது தெரியும். அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த வெண்டல் ஸ்காட், இனஒதுக்கல் காலத்தில் நாஸ்கார் பந்தயங்களில் ஓட்டிய கறுப்பர். பழைய வண்டி, பழைய உதிரிபாகம். மெக்கானிக்கும் அவரே, கூட வேலை செய்தவர்கள் பெற்ற பிள்ளைகள். அதை வைத்துக்கொண்டு உச்சநிலைப் பந்தயங்களில் 495 முறை இறங்கி, 147 முறை முதல் பத்துக்குள் வந்தார்.

1963 டிசம்பர் 1, ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். மண் தடம். மற்ற எல்லாரையும்விட இரண்டு சுற்று முன்னால் இருந்தும் அவருக்கு வெற்றிக் கொடி அசைக்கப்படவில்லை. பக் பேக்கர் என்ற வெள்ளையர் ஜெயித்ததாக அறிவித்துக் கோப்பையையும் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் கலைந்தபிறகு, சுற்று எண்ணியதில் தப்பு நடந்துபோச்சு, ஸ்காட்தான் வென்றார் என்றார்கள். கறுப்பன் வெற்றி மேடையில் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை என்பது ஸ்காட்டின் முடிவு. அவர் 1990ல் இறந்தார். நாஸ்கார் அவருடைய குடும்பத்திடம் கோப்பையைக் கொடுத்தது 2021ல். அதே வருசம் பப்பா வாலஸ் ஜெயித்தார். ஸ்காட்டுக்குப் பிறகு நாஸ்காரின் உச்சநிலையில் வென்ற அடுத்த கறுப்பர் அவர்தான்.

வண்டி கிடைத்து, திறமையும் இருந்து, முதலாவதாக வந்தாலும் போதாது. சுற்று எண்ணுகிற அதிகாரம் யார் கையில் என்பதும் இருக்கிறது. இதைத்தான் ஸ்காட்டின் கதை எனக்குச் சொன்னது. ரசிகன் என்றால் கைதட்டுகிறவன் மட்டும் அல்ல. அன்றைக்கு ஜாக்சன்வில்லில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கண் இருந்தது, எண்ணத் தெரிந்திருந்தது. எண்ணியவர்கள் எழுந்து நின்று சத்தமாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். வண்டியையும் பார்க்கணும், ஆளையும் பார்க்கணும், சுற்றை நாமே எண்ணவும் வேணும். தோழர்கள் சிரிக்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் பக்கத்தில் உட்காரச் சொல்லப் போகிறேன்.