பிர்அவ்னின் வீடும் ஆசியா அம்மையார் கேட்ட வீடும்



‘பிர்அவ்ன்’ என்ற சொல்லின் பொருளை அறிவீர்களா? பண்டைய எகிப்து மொழியில் அதற்குப் ‘பெரிய வீடு’ என்று பொருள். முதலில் அரண்மனையைக் குறித்த அச்சொல், பின்னர் அதில் வாழ்ந்த அரசனுக்கே பட்டமாகிவிட்டது. ஆள் மறைந்து வீடே பெயராயிற்று! திருமறையைக் கவனித்து ஓதுங்கள். நபி யூசுப் (அலை) அவர்கள் காலத்து மன்னனை அது ‘மலிக்’ என்றே கூறுகிறது. நபி மூஸா (அலை) அவர்களை எதிர்த்தவனைத்தான் ‘பிர்அவ்ன்’ என்கிறது.

அந்தப் பெரிய வீடுகள் எங்கே இருந்தன? கெய்ரோவுக்குத் தெற்கே மெம்பிஸில் மன்னன் மெர்னப்தாவின் அரண்மனை இருந்தது. நைல் நதியின் மேற்குக் கரையில், தீப்ஸ் நகருக்கு எதிரே, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோதெப் ஓர் அரண்மனை கட்டினான். சுவரெல்லாம், தரையெல்லாம் வண்ணச் சித்திரங்கள். அருகே ஆட்களைக் கொண்டு வெட்டிய பேரேரி! அவன் மகன் அக்னாதன், அமர்னாவில் ஒரு தலைநகரையே புதிதாக எழுப்பினான். அவன் இறந்த சில ஆண்டுகளில் அது பாழாயிற்று. இரண்டாம் ராம்ஸேஸ் தன் பெயரால் டெல்டாவில் ஒரு நகரை வளர்த்தான். நைலின் அந்தக் கிளை தூர்ந்துபோனது. நகரின் கற்களையும் சிலைகளையும் பின்வந்தோர் தானிஸுக்கு எடுத்துச் சென்றனர்.

இத்தனை மாளிகைகளும் பெரும்பாலும் வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லால் ஆனவை. கல்லறைகளையோ கல்லால் கட்டினார்கள். கூபுவின் பிரமிடில் மட்டும் சுமார் 23 லட்சம் கற்கள்! வாழும் வீடு சில நாளைக்கு. கல்லறையே ‘நித்திய வீடு’ என்பது அவர்கள் எண்ணம்.

நடந்தது என்ன? மண் சுவர்களைப் பிற்கால விவசாயிகள் வெட்டி வயலுக்கு உரமாகப் போட்டார்கள். கல்லறைகளைத் திருடர் சூறையாடினர். அரசர்களின் சடலங்களைப் பூசாரிகள் இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைத்தார்கள். 1881இல் தீப்ஸ் மலையடியில் பல சடலங்கள் ஒரே குழியில் கண்டெடுக்கப்பட்டன. இரண்டாம் ராம்ஸேஸின் சடலம் பழுதடையவே, 1976இல் அதை விமானத்தில் பாரிஸுக்குக் கொண்டுபோய்ப் பக்குவம் செய்தார்கள். 2021 ஏப்ரல் 3ஆம் நாள் 22 அரச சடலங்கள் ஃபுஸ்தாத்தின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஃபுஸ்தாத், ஸஹாபி அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய நகரம். நித்திய வீடு தேடியவர்கள் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள்!

அந்தப் பெரிய வீட்டில் ஒரு பெண்மணி இருந்தார். அவரே பிர்அவ்னின் மனைவி ஆசியா (அலை). அரண்மனைவாசியான அவர் அல்லாஹ்விடம் என்ன கேட்டார்? சுவனத்தில் தமக்கொரு வீடு கேட்டார். அவருடைய துஆவில் ‘உன்னிடத்தில்’ என்ற சொல் முந்துகிறது, ‘வீடு’ பிந்துகிறது. வீட்டைவிட அண்டையில் இருப்பவன் யார் என்பதே பெரிது என்று விரிவுரையாளர்கள் இதற்கு விளக்கம் தருவர்.

நம் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வீடும் பச்சைச் செங்கல்லும் ஈச்ச ஓலையும்தான். அதன் கூரையைக் கையால் தொட முடிந்தது என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மண் அங்கும் மண்தான், இங்கும் மண்தான். உள்ளே வாழ்ந்த வாழ்வுதான் வேறு!

சகோதரர்களே! வீடு கட்டுவது ஹராம் அல்ல. ஆனால் எதைக் கொண்டு கட்டுகிறோம்? வட்டிப் பணத்திலா? உடன்பிறந்த சகோதரிக்குச் சேரவேண்டிய பங்கிலா? வேலையாளுக்குக் கொடுக்காமல் நிறுத்திய கூலியிலா? அப்படியானால் நாம் கட்டுவதும் பிர்அவ்னின் வீடே. கடைக்கால் தோண்டும் முன் கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.

வல்ல ரஹ்மான் ஹலாலான சம்பாத்தியத்தில் நமக்கு நிழல் தருவானாக! ஆசியா அம்மையார் கேட்ட அந்த அண்டையை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.